கண்டியின் தோட்டங்களும் நமது காலடிகளும்

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய, அக்குறணை முதலான இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்த நாட்கள் கழிந்து பாடசாலை வழமைக்குத் திரும்பியிருந்த ஒரு காலையில், பத்தாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்.

"சேர், கண்டியில நம்மட ஆக்கள் எப்பயிருந்து இருக்காங்க?"

வரலாற்று ஆசிரியனுக்கு இது கடினமான கேள்வியல்ல. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆதிக்கத்திலிருந்த கரையோரப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுத் தன் இராச்சியத்தில் குடியமர்த்தியதையும், அவர்களுள் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதிக்கு அனுப்பியதையும் சொன்னேன். எங்கள் ஊரின் மூத்தோர் வாய்வழியாகச் சொல்லிவந்த கதைதான் அது. அதற்கு முன்பும் கிழக்கிலும் மலைநாட்டிலும் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டேன். அவன் உட்காரவில்லை.

"அதுக்கு அடையாளம் ஏதும் இருக்கா சேர்? நாங்க கண்டிக்குப் போனாக் காட்டுவீங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்தில் எல்லோரையும் போல நானும் கண்டிக்குச் சுற்றுலா சென்றவன்தான். வாவிக்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். பேராதனைப் பூங்காவின் புற்றரையில் பார்சல் சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டோம். பொழுது சாய பஸ் ஏறினோம். சமதரையில் வயலும் கடலும் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தப் பச்சை மலைகள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

அந்தக் கேள்வி மனதில் கிடக்க, அடுத்து வந்த பாடசாலை விடுமுறையில் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணி எனக்குக் கண்டியில் கிடைத்தது. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் பணியில்லாத ஞாயிறுகளிலும் நகரைக் கால்நடையாகச் சுற்றினேன். கண்டிக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த மூத்த ஆசிரியர் ஒருவர் சில நாட்கள் துணைக்கு வந்தார். நான் அவரை நானா என்பேன். அவர் என்னைக் கடைசிவரை சேர் என்றே அழைத்தார். கண்டியின் வாவியையும் காட்டையும் தோட்டங்களையும் நடந்து பார்த்ததில் நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வாவிக்கரை

கண்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே அமைந்த நகரம். தெற்கே ஹந்தானை மலை, மேற்கே பஹிரவகந்த, வடகிழக்கே உடவத்தகெலே. இவற்றைச் சுற்றிவளைத்து மகாவலி கங்கை ஓடுகிறது. 1592இல் முதலாம் விமலதர்மசூரியன் இதனைத் தலைநகராகக் கொண்ட பின்னர் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பலமுறை படையெடுத்தும் இந்நகரை நிலையாகப் பிடித்துவைத்திருக்க அவர்களால் முடியவில்லை. காடும் மலையும் ஆறுமே கண்டியின் கோட்டைச் சுவர்கள். ஆகவே இந்நகரில் பச்சை என்பது முதலில் அரண். அழகு என்பதெல்லாம் பிறகு வந்தது.

மீரா மக்காம் பள்ளிவாசலில் சுபஹைத் தொழுதுவிட்டு வாவிக்கரைக்கு வருவேன். அந்நேரம் மூடுபனி நீரின்மேல் படிந்திருக்கும். கரையைச் சுற்றி நடக்க மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாகும். ஒரு காலத்தில் இது வயல். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807க்கும் 1812க்கும் இடைப்பட்ட காலத்தில் வயலின் குறுக்கே அணை கட்டுவித்து இதனை வாவியாக்கினான். திட்டமிட்டவர் தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி. பாற்கடல் என்னும் பொருளில் 'கிரி முகுத' என்று மன்னன் அதற்குப் பெயரிட்டான். கரையோரமாக அலையலையாக எழுந்து தாழும் வெண்ணிற மதிலை 'வலாகுலு பெம்ம', அதாவது முகில் மதில் என்பர். அதிலுள்ள முக்கோண மாடங்களில் திருவிழா நாட்களில் எண்ணெய் விளக்கேற்றுவார்களாம்.

சுமார் 630 மீற்றர் வரை சென்ற அந்த மதில், வாவியை முழுதாகச் சுற்றி முடிவதற்கு முன் நின்றுவிட்டது. 1815 பெப்ரவரியில் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது. அடுத்த ஆண்டு அவன் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். கட்டாய ஊழியம் செய்த குடிகளின் வயிற்றெரிச்சல் இந்த வாவியில் இருக்கிறது என்று கண்டி மக்கள் இன்றும் சொல்வதுண்டு. வாவி வேண்டாம் என்ற தலைவர்களை மன்னன் அதன் அடியிலேயே கழுவேற்றினான் என்றொரு கதையும் வழங்கிவருகிறது. கதை எப்படியாயினும், இந்த நீர்ப்பரப்பை வெட்டிய கைகளின் பெயர் எதுவும் எங்கும் இல்லை.

மன்னன் போனபின் ஆங்கிலேயர் வாவி நடுவிலுள்ள தீவை வெடிமருந்துக் களஞ்சியமாக்கினர். கரையில் நிழல் தரும் பெரிய மாரா மரங்கள் அவர்கள் காலத்தில் நடப்பட்டவை. அம்மரத்தின் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆனால் இன்று மாரா மரமில்லாத கண்டி வாவியை யாராலும் நினைத்துப் பார்க்க முடியாது. நீர்க்காகங்கள் அதில் குடும்பம் நடத்துகின்றன. பெரஹரா பார்க்க வரும் சனங்கள் அதன் நிழலில் பாய் விரிக்கிறார்கள்.

தலதா மாளிகையின் பக்கமாக வரும்போது 1998 ஜனவரி 25ஆம் திகதி அவ்விடத்தில் வெடித்த லொறிக் குண்டு நினைவுக்கு வராமல் இராது. இந்த நகரில் காயம்பட்டவர்கள் ஓரினத்தவர் மட்டுமல்லர். அதை மறந்துவிட்டு நமது காயத்தை மட்டும் எழுதினால் அது வரலாறாகாது.

தடுக்கப்பட்ட காடு

ஞாயிற்றுக்கிழமை நானாவும் நானும் உடவத்தகெலேக்கு ஏறினோம். தலதா மாளிகையின் பின்புறமாக எழும் அந்தக் குன்றுக்காடு 104 ஹெக்டேயர் பரப்புடையது. நகரின் இரைச்சல் கால்மணி நேர ஏற்றத்தில் அடங்கிப்போகிறது. நுழைவாயிலைத் தாண்டியதும் மனிதனின் தொடைப் பருமனுள்ள ராட்சதக் கொடியொன்று மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கிறது.

'உட வாசல வத்த', அதாவது அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம் என்பதே இப்பெயரின் மூலம். மன்னர் காலத்தில் பொதுமக்கள் இதனுள் நுழையக் கூடாது. அதனால் 'தஹன்சி கெலே', தடுக்கப்பட்ட காடு என்றும் இதற்கொரு பெயர் உண்டு. உள்ளே அரச குடும்பத்தினர் நீராடிய குளமொன்று இருக்கிறது. ஆங்கிலேயர் வந்ததும் தடை நீங்கியது போலத் தோன்றினாலும் உண்மையில் உரிமையாளர்தான் மாறினார்கள். தேசாதிபதிமாரின் துணைவியர் பெயரால் காட்டுக்குள் உலாப் பாதைகள் அமைந்தன. ஹோட்டன் சீமாட்டி பாதை, டொரிங்டன் சீமாட்டி பாதை, கோர்டன் சீமாட்டி பாதை என்று பெயர்கள் நீள்கின்றன. 1856இல் இது ஒதுக்கக் காடாகவும் 1938இல் சரணாலயமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது.

ஹோட்டன் சீமாட்டி 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த வில்மட் ஹோட்டனின் மனைவி. இளம் வயதில் இலண்டனில் அவரைக் கண்ட பைரன் 1814இல் எழுதிய கவிதை ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கு இன்றும் பாடம். பைரனின் கவிதைக்குரியவர் நடந்த பாதையில் நாம் நடக்கிறோம் என்று நான் நானாவிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "இந்தப் பாதைய வெட்டினவன்ட பேர யாரும் பாடல்லையா சேர்?" என்று கேட்டார்.

பாதையோரத்தில் வனத்துறையினரின் பலகை ஒன்று இருந்தது. பிற நாட்டிலிருந்து வந்த சில மரங்கள் இக்காட்டில் பரவிச் சுதேச மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன என்பது அதன் செய்தி. மகோகனியும் பேராதனைப் பூங்காவில் வளர்க்கப்பட்டுப் பின் இங்கு பரவிய பால்சம் மரமும் அவற்றுள் முக்கியமானவை. பலகையில் இருந்த சொல் 'ஆக்கிரமிப்புத் தாவரங்கள்'. நானா அதன் முன் சற்று நேரம் நின்றார். பின், "இதே சொல்ல எங்களுக்கும் சொல்றாங்க" என்றார்.

நான் அவருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்கிறேன். மரத்தைப் பற்றித் தாவரவியலாளர் சொல்வது சரி. அந்த மரங்களைக் கட்டுப்படுத்தாவிட்டால் காடு அழியும். ஆனால் மரத்துக்கான சொல்லை எடுத்து மனிதன்மேல் ஒட்டுவது அறிவியலன்று. மனிதன் இன்னொரு மனிதனின் மொழியைக் கற்கிறான், அவனது சுமையைத் தூக்குகிறான், நோய்க்கு மருந்து கொடுக்கிறான். கண்டி இராச்சியத்தில் நம்மவர் செய்தது அதைத்தான்.

சுமை சுமந்த பாதை

வரலாற்றுப் பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் இலங்கை முஸ்லிம்கள் பற்றி எழுதிய ஆங்கில நூல் இவ்விடயத்தில் முக்கியமானது. கண்டி மன்னரின் நிர்வாகத்தில் 'மடிகே பத்த' என்றொரு போக்குவரத்துத் திணைக்களம் இருந்தது. பொதி மாடுகளைக் கொண்டு பொருட்களை ஏற்றியிறக்கும் இப்பணியில் முஸ்லிம்கள் பெருமளவில் ஈடுபட்டிருந்தனர். 'தவளம்' எனப்பட்ட அந்த மாட்டு வரிசைகள் கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் துணியும் கொண்டு மலையேறின. பாக்கும் பிற விளைபொருட்களும் ஏற்றிக்கொண்டு இறங்கின. மலைநாட்டில் உப்பு விளையாது. ஆகவே தவளம் நின்றால் கண்டியின் உலையில் உப்பில்லை.

கோபால முதலிகள் என்ற பெயரால் அறியப்பட்ட முஸ்லிம் வைத்தியக் குடும்பத்தினர் அரச மருத்துவப் பணியிலும் இருந்தனர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், கண்டி நகரில் முஸ்லிம்களின் பள்ளி ஒன்றிருந்ததையும், நிலவுடைமையாளர் ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பணம் கொடுக்க வேண்டுமென்று முன்னைய மன்னர் ஒருவர் சலுகை வழங்கியிருந்ததையும் குறிப்பிடுகிறார். பௌத்த மன்னன் ஒருவன் பள்ளிவாசலுக்காகத் தன் குடிகளிடம் காசு வாங்கிக் கொடுத்திருக்கிறான். இச்செய்தியை எழுதியவர் சிங்களவரும் அல்லர், முஸ்லிமும் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது.

காட்டிலிருந்து இறங்கும் வழியில் தேசிய நூதனசாலையின் பின்புறமாக ஆங்கிலேயரின் பழைய படையினர் மையவாடி இருக்கிறது. ஏறத்தாழ 200 கல்லறைகள். மலேரியாவும் வாந்திபேதியும் கொண்டுபோன இளம் வயதினரே மிகுதி. 1856இல் காட்டுயானையால் கொல்லப்பட்ட ஜோன் ரொபர்ட்சன் என்பவரின் கல்லறையும் அங்குண்டு. கண்டி ஒப்பந்தத்தின் சூத்திரதாரியான ஜோன் டொயிலியும் அங்குதான் கிடக்கிறார். அவர் சிங்களம் கற்று, பிரதானிகளின் மனமறிந்து, ஒரு மன்னனை வீழ்த்தியவர். 1824இல் காய்ச்சலில் இறக்கும்போது வயது 49. மன்னன் வேலூரில், அவனை வீழ்த்தியவர் இங்கே. இருவரையும் விட நீண்ட காலம் வாழ்வது அவர்களிடையே நின்ற காடுதான்.

பேராதனை

மறு ஞாயிறு தனியாகவே பேராதனைக்கு நடந்தேன். கட்டுக்கலையைத் தாண்டி, வாகனப் புகையைக் குடித்துக்கொண்டு ஆறு கிலோமீற்றருக்குக் குறையாத நடை. பூங்காவுக்குள் நுழைந்ததும் களைப்பு நீங்கிவிடும். 147 ஏக்கர். மூன்று பக்கமும் மகாவலி. 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் இங்கு அரசவை அமைத்திருந்ததாகக் கூறுவர்.

ஆங்கிலேயர் முதலில் கொழும்பிலும் பின் களுத்துறையிலும் வைத்திருந்த தாவரத் தோட்டத்தை 1821இல் பேராதனைக்கு மாற்றினர். பொறுப்பாயிருந்தவர் அலெக்சாண்டர் மூன். அவர் 1824இல் வெளியிட்ட தாவரப் பட்டியலில் 1,127 தாவரங்கள் சுதேசப் பெயர்களோடு இடம்பெற்றன. அந்தப் பெயர்களை அவருக்குச் சொல்லிக் கொடுத்த வைத்தியர்களும் கிராமத்தவர்களும் யாரென்று பட்டியலில் தேட முடியாது.

இங்குள்ள நினைவு மரங்களை நாமெல்லோரும் பார்த்திருக்கிறோம். பின்னர் ஏழாம் எட்வேட் மன்னரான வேல்ஸ் இளவரசர் 1875இல் நட்ட அரசு, பின்னர் ரஷ்யாவின் கடைசி சார் மன்னரான நிக்கலஸ் 1891இல் நட்ட நாக மரம், பின்னர் ஐந்தாம் ஜோர்ஜான இளவரசரும் துணைவியும் 1901இல் நட்ட பீரங்கிக் குண்டு மரம், 1961இல் யூரி ககாரின் நட்ட மரம். நட்டவர் பெயர் பலகையில் இருக்கிறது. குழி வெட்டியவர், நீர் ஊற்றியவர் பெயர் இல்லை.

ஆனால் பேராதனை வெறும் அழகுப் பூங்காவாக நடத்தப்பட்டதில்லை. பெருந்தோட்டங்களுக்குரிய பயிர்களை வரவழைத்துப் பரிசோதித்த கூடம் இது. இதன் விளைவைப் பார்க்க வேண்டுமானால் தலையை உயர்த்தி ஹந்தானை மலையைப் பார்த்தால் போதும். கண்டி மலைகளின் காடு வெட்டப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. 1869இல் கோப்பியைத் தாக்கிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் அதனை அழித்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக இயங்குகிறது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர் எத்தனை பேர் பாதையோரத்திலேயே மாண்டார்கள்! கண்டிச் சீமை என்று அவர்கள் கனவு கண்ட இடம் இதுதான். நாம் இன்று ஓய்வுக்காக நடக்கும் ஊருக்கு அவர்கள் உயிரைப் பணயம் வைத்து நடந்து வந்தார்கள்.

கோப்பிக்கு இன்னொரு கதையும் உண்டு. ஆங்கிலேயருக்கு முன்பே அச்செடி இந்நாட்டில் இருந்தது. அதைக் கொண்டுவந்தவர்கள் அறபு வணிகர்கள் என்றே கருதப்படுகிறது. கண்டிக் கிராமத்தவர் அதன் இலையைக் கறிக்குப் பயன்படுத்தினர். வெண்ணிறப் பூவை விகாரையில் புத்தருக்குப் படைத்தனர். விதையை வறுத்துக் குடிக்கும் பழக்கம் அவர்களிடம் பரவவில்லை. கொண்டுவந்தவன் ஒருவன், அதைப் பூசைக்குரிய பூவாக்கியவன் இன்னொருவன். நமது பொதுவாழ்வுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1867இல் கண்டிக்குப் புகையிரதம் வந்தது. தவளத்தின் மணியோசை மெல்ல மெல்ல அடங்கிற்று. சுமை தூக்கிய சமூகம் கடை வைக்கும் சமூகமாக மாறியது. சுமை தூக்கியவனிடம் யாரும் பொறாமை கொள்வதில்லை. கடை வைத்தவனிடம் கொள்வார்கள். 1915 மே 28ஆம் திகதி இரவு வெசாக் ஊர்வலத்தின்போது கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசல் அருகே மூண்ட கலவரம் நாட்டின் பல பாகங்களுக்கும் பரவியதற்குக் காரணங்கள் பல. இந்த மாற்றமும் அவற்றுள் ஒன்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

நாடு கடத்தப்பட்டவரின் தோட்டம்

பணி முடிய இரண்டு நாட்கள் இருக்கையில் ஒரு மாலை நானா என்னை ஹலொலுவ வீதிக்கு அழைத்துச் சென்றார். ஒறாபி பாஷா வாழ்ந்த இல்லம் அங்கே அவரது பெயரில் கலாசார நிலையமாக இருக்கிறது.

எகிப்தில் அந்நிய ஆதிக்கத்துக்கெதிராக எழுந்த அஹ்மத் ஒறாபி 1882 செப்டெம்பரில் தல் அல்-கபீர் போரில் தோற்றார். அவரும் தோழர் அறுவரும் 1883 ஜனவரியில் கொழும்பில் இறக்கப்பட்டனர். 1892இல் ஒறாபி கண்டிக்கு வந்தார். கண்டியில் 1838இல் பிறந்து, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை ஆரம்பித்த அறிஞர் சித்தி லெப்பைக்கும் இவருக்கும் ஏற்பட்ட நட்பு நமது கல்வி வரலாற்றின் திருப்புமுனை. அந்நட்பும் உழைப்பும் சேர்ந்தே கொழும்பு மருதானையில் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த கல்விக்கூடத்துக்கு வித்திட்டன. சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் அதன் நாயகன் எகிப்தில் பிறந்தவன். எகிப்தியர் இங்கு வந்திறங்கிய இரண்டாண்டுகளில் அந்நாவல் வந்தது என்பதை நாம் போதியளவு எண்ணிப் பார்ப்பதில்லை. துருக்கித் தொப்பி நம் முன்னோரின் தலைக்கு வந்ததிலும் ஒறாபிக்குப் பங்குண்டு.

அந்த எழுவருள் ஒருவர் மஹ்மூத் சாமி அல்-பாரூதி. நவீன அறபுக் கவிதையின் முன்னோடி என்று போற்றப்படுபவர். தாயகத்தை நினைந்து ஏங்கும் அவரது கவிதைகளில் 'சரந்தீப்' என்ற பெயர் வருகிறது. 1899இல் பார்வை மங்கிய நிலையில் நாடு திரும்பி 1904இல் காலமானார். ஆங்கிலச் சீமாட்டி உலாவிய பாதைக்குப் பெயர்ப் பலகை இருக்கிறது. அறபுலகின் பெருங்கவி ஏங்கிய ஊரில் அவருக்கு ஒரு கல்லை நாம் நாட்டினோமா?

பேராதனையில் இளவரசர் பீரங்கிக் குண்டு மரம் நட்ட அதே 1901ஆம் ஆண்டு மே மாதம் ஒறாபிக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவர் நாடு திரும்பினார். இலங்கையிலிருந்து மாங்கன்றுகளையோ விதைகளையோ கொண்டுபோய் எகிப்தில் வளர்த்தார் என்றும், அங்குள்ள நல்ல மாம்பழ இனங்கள் சில அவ்வழி வந்தவையென்றும் எகிப்தியர் சொல்கிறார்கள். மன்னர்கள் இங்கே மரம் நட்டுப் பலகை வைத்தார்கள். தோற்றுப்போன படைவீரர் ஒருவர் பதினெட்டு ஆண்டுகள் தன்னைத் தாங்கிய மண்ணின் கனியை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

எந்தத் தோட்டத்துக்காக அழுகிறோம்?

நமது சஞ்சிகைகளில் கிரனாடா பற்றி எத்தனையோ கட்டுரைகளும் கவிதைகளும் வந்திருக்கின்றன. அல்ஹம்றா மாளிகையின் நீரோடைகளையும், 'ஜன்னத் அல்-அரீஃப்' என்ற பெயர் ஜெனரலிஃபே எனத் திரிந்த மலைத் தோட்டத்தையும், 1492 ஜனவரி 2ஆம் திகதி அந்நகரம் கைமாறியதையும் நாம் கண்ணீரோடு எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அது தவறென்று சொல்லவில்லை. ஆனால் கிரனாடாவில் நாம் தேடுவது அரசர்களாக இருந்த முஸ்லிம்களை. கண்டியில் நம்மவர் அரசர்களாக இருக்கவில்லை. மாடு ஓட்டினார்கள், மருந்து அரைத்தார்கள், கடை வைத்தார்கள், பத்திரிகை நடத்தினார்கள். அதனால்தான் கண்டி மலைப்பாதை நமது கண்ணுக்குப் படவில்லையோ என்று இப்போது தோன்றுகிறது. அரண்மனை வைத்திருந்தால்தான் வரலாறு என்று நாமே நம்பினால், சுமை சுமந்த வாப்பாவின் வாப்பாமாரை நாமே மறுக்கிறோம் என்றுதான் பொருள்.

கண்டியின் ஒவ்வொரு பச்சை நிலமும் ஒருவரின் தடையாகத்தான் இருந்திருக்கிறது. காடு மன்னனுக்குரியது, பின் தேசாதிபதியின் குடும்பத்துக்குரியது. வாவி அரண்மனையின் அலங்காரம். பூங்கா பேரரசின் பயிர்க்கூடம். உரிமை கொண்டாடியவர் எல்லோரும் போய்விட்டார்கள். இன்று நுழைவுச் சீட்டு வாங்கினால் யாரும் போகலாம். வாவிக்கரையில் நடக்கச் சீட்டும் தேவையில்லை. அந்த வகையில் இவ்விடங்கள் இப்போதுதான் உண்மையான தோட்டங்களாகியிருக்கின்றன.

விடுமுறை முடிந்து வகுப்புக்குப் போனதும் அந்த மாணவனை அழைத்தேன். நொக்ஸ் எழுதியதையும் தவளம் போன பாதையையும் சித்தி லெப்பையையும் ஒறாபியின் வீட்டையும் சொன்னேன். கோப்பிப் பூவின் கதையையும் சொன்னேன். கடைசியில் இன்னொன்றும் சொன்னேன். இவையெல்லாம் நாம் அறிந்திருக்க வேண்டியவை, பெருமைப்பட வேண்டியவை. ஆனால் ஒரு மனிதனின் கடை எரிக்கப்படாமலிருக்க அவனது மூதாதை நானூறு வருடங்களுக்கு முன் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. நேற்று வந்தவனுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அடையாளம் கேட்பது வரலாற்று மாணவனின் வேலை. அண்டை வீட்டான் அதைக் கேட்கக் கூடாது.

அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்ப எங்கள எப்ப கூட்டிக்கிட்டுப் போறீங்க சேர்?" என்றான்.

இன்ஷா அல்லாஹ் கூட்டிப்போவேன் என்று சொன்னேன். பஸ்ஸை வாவிக்கரையிலேயே நிறுத்திவிட வேண்டும். மற்றதெல்லாம் நடந்துதான் பார்க்க வேண்டும்.